அண்ணியின் காலடித் தகரம்

அன்பு அண்ணாவுக்கு,

துறைமுகத்தடிக் காற்றோடு உங்கள் தங்கச்சி எழுதுகிறேன்.

"டீச்சர், உங்கட அண்ணன்ர கார் கடலிலயும் ஓடுமோ?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னைக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அன்றைக்கு என்னை ஏற்றிப்போகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருந்தீர்கள். மொறிஸ் மைனரின் பின் மட்காட்டில் நீங்கள் ஒட்டியிருந்த பைபர் துண்டு, இன்னும் வர்ணம் பூசாமல், தேன் நிறத்தில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய வள்ளத்திலும் அதே நிறத்தில், அதே கையால் ஒட்டிய துண்டு ஒன்று இருந்தது. அவள் கேட்டதில் என்ன பிழை? நீங்கள்தான் கண்ணாடியை இறக்கி, "ஓடும் பிள்ளை, ஆனா பெற்றோலுக்குள்ள தண்ணி போயிடும்" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒரு சொல். நீங்கள் கண்ணாடி நாரால் செய்த பைபர் வள்ளம் திருத்துகிறவர். பக்கத்துக் கடற்கரைகளான சல்லியிலும் நிலாவெளியிலும் கல்லில் மோதிப் பிளந்த வள்ளம் என்றால் உங்களிடம்தான் வரும். உடைந்த இடத்தை உரசி, நார்ப்பாயை வெட்டி வைத்து, ரெசின் என்ற பசையைத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பாய் வைப்பீர்கள். ஊரில் உங்கள் பெயரே பைபர் அண்ணன்.

ஊரைவிட்டுப் போன ஒரு டொக்டரிடம் வாங்கிய அந்தக் காருக்கும் அதே வைத்தியம்தான் செய்தீர்கள். கடற்காற்றில் கறள் பிடித்துத் தகரம் ஓட்டையானால் அதன்மேல் பைபர். பக்கத்தில் இன்னொரு ஓட்டை வந்தால் இன்னும் கொஞ்சம் பைபர். வேறு எந்த கராஜுக்கும் அது போனதில்லை. உங்களுக்கு அது வீட்டு வாசலில் நிற்கிற இன்னொரு வள்ளம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது, அண்ணா. கார் கொட்டிலில் நின்ற இடத்திலேயே நின்றது; ஒட்டுக்கு மேல் ஒட்டாக இருந்ததை நீங்கள் இல்லாமல் வீதிக்கு எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் கிழமைக்கு ஒருமுறை வந்து எஞ்சினை இயக்கிவிட்டுப் போவேன். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணி குசினியில் சமையலை விட்டு வெளியே வந்து பார்ப்பார். அணைத்துவிட்டால் உள்ளே போய்விடுவார்.

அண்ணியின் முழங்கால் இப்போது மோசம். பஸ்ஸின் படி அவருக்கு எட்டாது. ஆட்டோவில் ஏறினால் காலை மடக்க இடமில்லை, இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்கவேண்டும். மொறிஸில் மட்டும் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துவைத்துவிடுவார். அந்த முன் சீற்றின் உயரம் அவருக்காகவே அளந்து செய்ததுபோல. கிளினிக்குக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் வேறு வழியில்லை. ஆகவே அவர் எங்கேயும் போகாமல் இருந்தார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு உங்கள் மகள் வதனி கந்தளாயிலிருந்து வந்தாள். தாயைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சாப்பிட்டு முடிந்ததும் கதையைத் தொடங்கினாள்.

"அம்மா, ஒண்டில் கார் ஓடவேணும், இல்லாட்டி நீங்கள் எங்களோட வந்து இருக்கவேணும். இப்பிடித் தனிய விட்டிட்டு என்னால அங்க நித்திரை கொள்ள ஏலாது."

"கந்தளாயில நான் என்ன செய்யிறது? குளத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"இங்க மட்டும் என்ன செய்யிறீங்கள்? அப்பான்ர கதிரையைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறீங்கள்."

அண்ணி சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சாள், காரை கராஜுக்குக் கொண்டுபோங்கோ" என்றார். அண்ணிக்குத் தன் வீட்டில் இருக்கவேண்டும். அதற்கு அந்தக் கார் ஓடவேண்டும். வருடப்பிறப்பன்று எங்களுக்குள் முடிவானது அவ்வளவுதான்.

துறைமுக வீதிக்குப் பின்னால், றபீக் பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் கராஜ் வைத்திருக்கிறார். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருகிறவர். பழைய கார்களின் டிங்கர் என்கிற தகர வேலையும் வெல்டிங்கும்தான் அவருடைய தொழில். உங்களைக் கடற்கரையில் பார்த்திருக்கிறாராம். காரைச் சுற்றி வந்து, ஸ்குறூட்றைவரின் பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டினார். சந்தையில் நாம் வத்தகப்பழத்தைத் தட்டிப் பார்ப்போமே, அப்படி. தகரம் இருக்கும் இடம் கணீரென்றது. பைபர் இருக்கும் இடம் பலகைபோல டொக்கென்றது. பெரும்பாலும் டொக்தான்.

"டீச்சர், இதில காரு எங்க இரிக்கு? எனக்கு வள்ளந்தான் தெரியுது."

"அண்ணனுக்குத் தெரிஞ்ச வேலை அதுதான் தம்பி."

"வேலையில பிழை சொல்லல்ல. நல்ல ஒட்டு. கடலுக்கு விட்டிருந்தா இன்னும் நாலு வருசம் ஓடியிருக்கும்."

பிறகு அண்ணியின் சீற்றுக்கு முன்னால் கிடந்த றப்பர் கால்மிதியைத் தூக்கினார். தூக்கியவர் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"டீச்சர், இது என்ன, சீலையா?"

நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன், அண்ணா. நார்ப்பாய்க்கு மேலே ஒரு மஞ்சள் பூப்போட்ட வொயில் சீலைத் துண்டை விரித்து ரெசின் பூசியிருந்தீர்கள். ரெசின் ஊறியதில் துணி கண்ணாடிபோலாகி, பூக்கள் மட்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தன. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக் குமிழி இல்லை. வள்ளக்காரருக்கு இவ்வளவு வடிவாக நீங்கள் செய்து கொடுத்ததில்லை. நார்ப்பாய் போதாமல் போனதாலா அதை வைத்தீர்கள்? அப்படியென்றால் ஏன் மேலே, மிதியைத் தூக்கினால் தெரிகிற பக்கத்தில்?

றபீக் முதலில் எதையும் கழற்றாமல் சமாளிக்கத்தான் பார்த்தார். கொஞ்சம் நல்ல தகரம் இருந்த ஓர் ஓரத்தில், பைபருக்குச் சற்றுத் தள்ளி, வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்தார். தகரத்தின் வழியே ஓடிய சூட்டில் ரெசின் பற்றிக்கொண்டது. கறுத்த புகை எழுந்தது. அவர் ஈரச் சாக்கைப் போட்டு அமத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏலாது டீச்சர். வெல்டிங் பிடிக்கிறதுக்குச் சுத்தமான தகரம் வேணும். அண்ணன் ஒட்டினது எல்லாம் கழரணும், கீழ இருக்கிற கறளும் வெட்டி எடுபடணும். அப்பிடி இல்லாட்டி இதை இரும்புக் கடைக்குக் குடுத்திருங்க. இப்பிடியே அண்ணன்ட வீட்டு அக்காவை ஏத்திக்கொண்டு ஒரு பள்ளத்தில விட்டீங்க எண்டா, அக்கா சீற்றோட றோட்டில நிப்பா."

அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சீலை கிடக்குதோ?" என்று கேட்டார்.

"கிடக்குது. மஞ்சள் பூ."

"வதனி வயித்தில இருக்கேக்க உடுத்தது. கிழிஞ்சிட்டுது எண்டு மடிச்சு வச்சனான். ஒருநாள் காணேல்லை. கேட்டால், காகம் தூக்கிக்கொண்டு போட்டுது எண்டார். ஒரு சீலையைத் தூக்கிற காகம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காரில ஏறேக்க மிதியைத் தூக்கிக் காட்டிப்போட்டு, 'இப்ப காலை வை, உன்ர சீலைதான்' எண்டவர்." அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அதை வெட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"அண்ணி, ஒரு கொய்யாப்பழத்தில புழு குடைஞ்ச இடம் இருந்தால் நாங்கள்…"

"மச்சாள், நான் உங்கட அஞ்சாம் வகுப்பு இல்லை."

உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும்.

வேலை அப்படியே நின்றது. சீற் எல்லாம் கழற்றிய கார் கராஜின் நடுவில் கிடந்தது. வதனி ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். பின்னறையை வெள்ளையடித்துவிட்டதாகச் சொன்னாள். அடுத்த நாள், அம்மாவுக்கு உயரமான கட்டில் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அண்ணி போனை வைத்ததும் அலுமாரியைத் திறப்பார், உடுப்புகளைப் பார்ப்பார், மூடிவிடுவார். சீலையும் இருக்கவேண்டும், வீட்டைவிட்டுப் போகவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அவருக்கும் தெரியும். நான் என்ன சொல்ல? உங்கள் கை பட்ட எதையும் வெட்ட எனக்கு மட்டும் மனம் வந்ததா?

பிறகு றபீக்கிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், அக்காவை ஒருக்காக் கூட்டி வாங்க. வெட்டுற கதை கதைக்கமாட்டன். கீழ ஒரு புதினமான வேலை இரிக்கு. இது அண்ணன் வேணுமெண்டு செய்ததா எண்டு கேக்கணும்."

ஆட்டோவில் வந்து இறங்கும்போதே அண்ணிக்கு வலியும் கோபமும். கையில் தடி. றபீக் கதிரை போட்டுக் கொடுத்தார். அதில் அவர் உட்காரவில்லை. றபீக் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு டோர்ச் அடித்துக் காட்டினார்.

கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஒரு தகரப் பெட்டி ஓடுகிறது. கார் முழுவதையும் தாங்கும் முதுகெலும்பு மாதிரி. அதன் அடியில் காரைச் செய்தவர்களே சின்னச் சின்னத் துளைகள் விட்டிருக்கிறார்கள். மேலே பெய்கிற மழை எப்படியும் உள்ளே இறங்கும், அது வெளியே வடிவதற்காக. அந்தத் துளைகள் ஒவ்வொன்றையும் நீங்கள் ரெசினால் அடைத்திருந்தீர்கள், அண்ணா. சட்டைப் பொத்தான்போல வட்டமாக, மிக அழகாக. கதவுகளின் அடி விளிம்பிலும் அப்படியே.

"இது என்னத்துக்கு அடைச்சாரு?" என்று றபீக் கேட்டார்.

அவர் துளையிடும் மெஷினை எடுத்து ஒரு பொத்தானைக் குடைந்தார். உள்ளிருந்து தண்ணீர் வந்தது. தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக, கெட்டுப்போன கிணற்றின் மணத்தோடு ஓடி வந்து, அண்ணியின் செருப்பை நனைத்தது. அவர் காலை எடுக்கவில்லை.

"இது எங்கத்தைத் தண்ணி?"

"மழைத் தண்ணி அக்கா. உள்ளுக்கப் போகும், வெளிய வர வழி இல்ல. இரும்பை உள்ளுக்க இருந்தே திண்டிரிக்கு. வெளியால அண்ணன் ஒட்ட ஒட்ட, உள்ளால அது திண்டுகொண்டே இருந்திரிக்கு."

அண்ணி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நான் நினைத்துக் கையைப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், என்ர குறோட்டன் பூச்சாடி நினைவிருக்கோ? எல்லாச் சாடிக்கும் அடியில ஓட்டை எண்டு ஒருநாள் வரிசையா வச்சு ரெசின் அடைச்சவர். என்ர குறோட்டன் முழுக்க அழுகிச் செத்தது. ஏன் அடைச்சனீங்கள் எண்டு கேக்க, 'ஓட்டையைக் கண்டிட்டு எப்பிடியடி சும்மா போறது?' எண்டு என்னட்டக் கேக்கிறார். மூண்டு நாள் நான் அந்த மனுசனோட கதைக்கேல்லை."

காருக்குக் கீழிருந்து றபீக்கும் சிரிக்கத் தொடங்கினார். படுத்துக்கொண்டு சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

வள்ளத்தில் ஓட்டை என்றால் சாவு. வாழ்நாள் முழுவதும் அதை அடைப்பதுதான் உங்கள் வேலை. தண்ணீர் வெளியேறுவதற்காக ஒருவன் வேண்டுமென்றே ஓட்டை போட்டிருப்பான் என்பது உங்களுக்கு எப்படித் தோன்றும்? சல்லிக் கடற்கரையில் வளர்ந்த யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றியிருக்காது.

சிரிப்பு அடங்கியதும் அண்ணி திறந்திருந்த கதவருகே போனார். தடியின் நுனியால் சீலையின் நடுவில் மெல்ல ஊன்றினார். அது பாய்போல வளைந்தது. றபீக் கீழே கையைக் கொடுத்துக் காட்டினார். சீலைக்கும் நார்ப்பாய்க்கும் கீழே இரும்பென்று ஒன்றும் மிச்சமில்லை. அவர் கையில் கறள் வடகம்போல உதிர்ந்து வந்தது.

"இதுக்கு மேலயோ நான் இவ்வளவு காலமும் இருந்தனான்?"

"ஓம் அக்கா."

"அப்ப என்ர சீலைதான் என்னைத் தாங்கினது."

அண்ணி காருக்குள் குனிந்து, பூக்களின்மேல் உள்ளங்கையை வைத்தார். நானும் றபீக்கும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தம்பி, சீலையை உடையாமல் முழுசா எடுத்துத் தருவீங்களோ?"

"கிரைண்டர் போட்டாக் கருகிடும். கையால பல்லு வாள் பிடிச்சு அறுக்கிறன். நேரம் போகும்."

"போகட்டும். அறுங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "அவர் எனக்குத் தெரியாமல்தானே எடுத்தவர். இப்ப நான் அவருக்குத் தெரியாமல் எடுக்கிறன்."

தெரியாமல் இருக்கவேண்டாம் என்றுதான், அண்ணா, இதை எழுதுகிறேன்.

அதன் பிறகு, பள்ளிக்கூட விடுமுறை என்பதால், ஒவ்வொரு நாள் காலையிலும் அண்ணியும் நானும் கராஜில். வதனி கவலைப்படாமலிருக்க, அவளிடம் வாடகைக்கு வான் வண்டி பிடித்துப் போவதாகச் சொன்னோம். உண்மையில் அண்ணி அந்த ஆட்டோவிலேயே முனகிக்கொண்டு வந்தார். வீட்டைவிட்டு இறங்காமல் இருந்தவர், கராஜ் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து, வேலை செய்கிறவரை வேலை வாங்கினார். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. றபீக்குக்குச் சீனி கூட.

உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் வேலையை விவரமாகச் சொல்கிறேன். முதலில் றபீக் பெற்றோல் டாங்கியையும் பற்றரியையும் கழற்றினார். அதற்குப் பிறகு உடனே வெட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் பிடித்தார். ஒரு கொட்டிலின் இற்றுப்போன தூணை மாற்றுவதற்கு முன் கூரைக்கு முட்டுக் கொடுப்போமே, அதுதான் இது. முட்டுக் கொடுக்காமல் அந்தப் பெட்டியை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் பூட்டாது.

அதன் பிறகு வெட்டு. கறள் தெரிகிற இடத்தில் அவர் நிறுத்தவில்லை. வெள்ளிபோலப் பளபளக்கும் தகரம் வரும்வரை வெட்டிக்கொண்டே போனார். அண்ணி கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். "இன்னும் வெட்டவேணுமோ? கார் முடிஞ்சிடும் போல இருக்கு." இந்த இடத்தில்தான் என் கொய்யாப்பழம் வந்திருக்கவேண்டும். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணியே, "புழு குடைஞ்ச கொய்யாப்பழம் மாதிரி" என்றார். நான் அப்போதும் பேசவில்லை.

வெட்டிய இடத்துக்கு அளவாக அட்டையில் ஒரு மாதிரி வெட்டுவார். அட்டை சரியாகப் பொருந்தினால்தான் தகரத்தில் கை வைப்பார். ஒரு நாள் அந்த அட்டைகளை மதிலில் சாய்த்துவைத்துவிட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு மான் நின்று, அண்ணியின் காலடி அட்டையை ஆற அமர மென்றுகொண்டிருந்தது. நம் ஊர் வீதிகளில் திரியும் மான்களுக்குத்தான் யாரிடமும் பயமில்லையே. "அக்கா, நீங்க இருந்து பாத்துக்கொண்டிருந்தீங்கதானே?" என்று றபீக் கேட்டார். "பாவம், பசி எண்டு நினைச்சன்" என்றார் அண்ணி. அந்த அட்டையை மறுபடி அளந்து வெட்ட அரை நாள் போனது.

தகரம் வைத்து ஒட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் மெல்லிய தகரம் சூட்டில் அப்பளம்போல நெளிந்துவிடுமாம். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப் பக்கத்தில் ஒரு பொட்டு, பிறகு நடுவில் ஒன்று. கை வைத்துப் பார்த்து, ஆறியபிறகுதான் அடுத்தது. சட்டை தைக்கிறவர்கள் முதலில் நூலோட்டம் போட்டுக்கொள்வார்களே, அதேபோல. இடைவெளிகள் குறைந்து குறைந்து, கடைசியில் பொட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கோடாகிவிடும். எனக்கும் ஒரு முகமூடி தந்தார். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் வேறொன்றும் தெரியாது. இரும்பு உருகி ஒரு சொட்டாகத் திரண்டு இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்வது மட்டும் தெரியும்.

மதியத்துக்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் வேலை நிற்கும். ஒட்டும் இடத்தைச் சுற்றி ஒரு வாயு மூடியிருக்கவேண்டும், காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும் என்றார். காற்றில் ஒட்டிய ஒரு துண்டைக் காட்டினார். அப்பத்தின் நடுப்பகுதிபோல முழுக்கத் துளை. ஆகவே காலையில் வெல்டிங், பின்னேரத்தில் உரசலும் தட்டலும்.

மட்காட், கதவடி, பின்தளம் என்று நீங்கள் ஒட்டியவை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றைக்கூட விட முடியவில்லை, அண்ணா. எல்லாவற்றுக்கும் கீழே ஈரம் இருந்தது. அவற்றை ஒரு மூலையில் அடுக்கிவைத்தபோது உடைந்த வள்ளம் ஒன்று கிடப்பதுபோல இருந்தது.

சீலையை மட்டும் றபீக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். சொன்னபடி கை வாளால் ஓரத்தைச் சுற்றி அறுத்து, ஒரு தாம்பாளத்தைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து அண்ணியின் மடியில் வைத்தார். ஓரங்களில் கறள் பட்டுச் சிவந்திருந்தது. பூ ஒன்றும் சேதமில்லை.

அது இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? குசினியின் கிழக்கு ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, நீங்கள் செய்கிறேன் செய்கிறேன் என்று செய்யாமல் விட்டுப்போனீர்களே, அந்த இடத்தில். தச்சர் சட்டம் அடித்துப் பொருத்திக் கொடுத்தார். காலையில் அடுப்படியில் மஞ்சள் பூ விழுகிறது. வெயில் ஏறி அது சூடானால் ரெசின் மணம் வரும். "பத்து மணிக்குப் பிறகு உங்கட அண்ணன் மணக்கிறார்" என்கிறார் அண்ணி. வேலை முடிந்து நீங்கள் உள்ளே வரும்போது, மூக்கைப் பொத்திக்கொண்டு "முதல்ல போய் முழுகுங்கோ" என்று விரட்டியவர்தான். இப்போது அந்த ஜன்னலுக்குத் திரை போட விடுவதில்லை.

புதுத் தகரத்துக்கு உள்ளும் புறமும் கறள் தடுக்கும் மருந்தடித்து, வர்ணம் பூசிய பிறகு, றபீக் எங்களுக்கு ஒரு சோதனை காட்டினார். குழாயைப் பிடித்து அந்தத் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் விட்டார். அடியில் இருந்த ஒவ்வொரு துளையாலும் தண்ணீர் வெளியே வந்தது. அண்ணி தடியை ஊன்றிக்கொண்டு குனிந்து, எல்லாத் துளையிலும் வருகிறதா என்று பார்த்தார். ஒன்றில் வரவில்லை. "தம்பி, இது ஓடேல்லை" என்றார். உள்ளே ஒரு தகரச் சுருள் அகப்பட்டிருந்தது. றபீக் அதைத் தட்டி எடுத்தார். வள்ளத்துக்கு நீங்கள் செய்யும் சோதனையில் ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது. இங்கே ஒரு சொட்டும் உள்ளே நிற்கக்கூடாது. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் றபீக்கோடு கட்டாயம் வாதாடியிருப்பீர்கள். அந்த வாதத்தை நான் மனதுக்குள் எத்தனையோ தடவை நடத்திப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் கடைசியில் பேசுகிறீர்கள், ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குக் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கந்தளாய்க்குப் போனோம். நான் ஓட்டினேன். அண்ணி திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக எடுத்து உள்ளே வைத்தார். தகரத்தைக் குதிக்காலால் ஒருமுறை இடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. நகரத்தைத் தாண்டினோம். பிறகு, "முந்தி காலுக்குக் கீழ கொஞ்சம் மெத்தெண்டு இருக்கும். இப்ப நிலத்தில நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். நல்லது என்று சொன்னாரா, குறை சொன்னாரா? நான் கேட்கவில்லை. பிறகு வழி முழுவதும், நான் கியர் மாற்றுவது சரியில்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

வதனி வாசல் படலையடியில் நின்றாள். காரைக் கண்டதும் அவள் பக்கத்தில் வந்து, புது வர்ணத்தைத் தடவினாள். பைபர் இருந்த இடமெல்லாம் தேடித் தேடித் தடவினாள். ஒன்றும் கையில் தட்டுப்படவில்லை. அவளுடைய முகம் மாறியதைக் கண்டேன். அண்ணியும் கண்டார். "என்ர குசினி ஜன்னலில இருக்கு, வந்து பார்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளையடித்த அறையையும் உயரமான கட்டிலையும் அவள் காட்டினாள். அண்ணி அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். நல்ல உயரம் என்று மனமாரச் சொன்னார்.

"அப்ப நிக்கிறீங்களோ, அம்மா?"

"ரெண்டு நாள் நிக்கிறன். பிறகு இந்த மாமி வந்து என்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவா. அடுத்த மாதமும் வருவன், இந்தக் கட்டிலை வித்துப்போடாதை."

வதனி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே காரைப் பார்த்தேன். அவள் தலையணையை நேராக்கிவிட்டு, "சரி, ஆனா போய்ச் சேர்ந்த உடன போன் எடுக்கவேணும்" என்றாள். அண்ணி தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அண்ணா, வீடு தப்பியது.

இனி நான் உங்களுக்கு ஒரு சொல் தரவேண்டும். மழை விட்ட ஒவ்வொரு முறையும் நான் குனிந்து அந்தத் துளைகளைப் பார்ப்பேன். என்னால் குனிய முடியாத காலம் வந்தால், குனியக்கூடிய ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் நின்று பார்க்கவைப்பேன். அண்ணி தன் வீட்டிலிருந்து அந்தச் சீற்றில் ஏறிக்கொண்டிருக்கும்வரை, அவர் காலடியில் தகரம் இருக்கும்.

உங்களோடு சேர்ந்து இதை வாசித்தவர்களிடமும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்குமானால், நாளைக் காலையில் அதன் கதவைத் திறந்து, அடி விளிம்பில் இருக்கும் சின்னத் துளைக்குள் ஓர் ஈர்க்குச்சியை விட்டு, வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வேலையை வெட்டும்போது பக்கத்தில் நின்ற,
உங்கள் ஒரே தங்கச்சி